கேமரா வாங்கப் போகிறீர்களா? சற்று நில்லுங்கள்!



மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. அல்லது, வயது முதிர்ந்த பெற்றோரை உம்ராவுக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடு நடந்து கொண்டிருக்கிறது. கைபேசியிலேயே படம் எடுத்துக் கொள்ளலாம் என்றாலும், இந்த நாட்கள் திரும்பி வராதவை. நல்ல டிஜிட்டல் கேமரா ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்கிறீர்கள். நாலு பேரிடம் விசாரித்து, விலை கேட்டு, ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்தும் விட்டீர்கள். பணம் எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் கடையிலுள்ள தம்பி பணிவாகக் கேட்கிறார்:

"பாய், கம்பெனி வாரண்டி ரெண்டு வருசம்தான். இன்னும் ஒரு ஆறாயிரம் போட்டா, அதுக்கு மேல ரெண்டு வருசம் எக்ஸ்டெண்டட் வாரண்டி கிடைக்கும். விலை ஒசந்த பொருளு, ரிப்பேர்னு வந்தா தாங்காது. போட்டுறட்டுமா?"

அறுபதாயிரம் கொடுத்த கைக்கு ஆறாயிரம் பெரிதாகத் தெரிவதில்லை. 'நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்ற அச்சம் மனத்தில் எழுகிறது. யோசிக்க நேரமும் இல்லை. பின்னால் அடுத்த வாடிக்கையாளர் நிற்கிறார். "சரி, போடுங்க தம்பி" என்று சொல்லி விடுகிறோம்.

அந்த ஆறாயிரம் நியாயமான செலவுதானா? கேமரா அவ்வளவு எளிதில் பழுதாகும் பொருளா? பழுதானால் அந்தக் காகிதம் உண்மையில் கை கொடுக்குமா? இவற்றை வீட்டிலிருந்து கொண்டு நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் குடும்பத்தில் நடந்தது

எங்கள் ஊர் கடற்கரையோர ஊர். 2016ஆம் ஆண்டு என் தங்கை மகளின் நிக்காஹுக்காக மச்சான் ஒரு கேமரா வாங்கினார். வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். பொருளைப் பேணுவதில் அவரைப் போல் ஒருவரைக் காண்பது அரிது. கேமராவோடு நீட்டித்த உத்தரவாதத்தையும் பணம் கொடுத்து வாங்கினார். பில்லையும் உத்தரவாத அட்டையையும் பிளாஸ்டிக் உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் பூட்டி வைத்தார்.

நிக்காஹ் படங்கள் அந்தக் கேமராவில் எடுக்கப்பட்டன. அதற்கடுத்த சில மாதங்களில் எங்கள் வாப்பாவின் படங்களும் எடுக்கப்பட்டன. திண்ணையில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்து வாப்பா சிரிக்கும் படம் ஒன்று. பெருநாள் தொழுகைக்குப் புறப்படும்போது வாசற்படியில் நின்ற படம் ஒன்று. மறு ஆண்டு வாப்பா வஃபாத்தாகிவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கேமராவைத் தொட எவருக்கும் மனம் வரவில்லை. தோல் உறைக்குள் பீரோவிலேயே நெடுங்காலம் கிடந்தது.

2019ஆம் ஆண்டு ஒரு விசேஷத்துக்காக வெளியே எடுத்தபோது, எடுத்த படமெல்லாம் புகை படிந்தாற்போல் மங்கலாக வந்தது. லென்ஸை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தோம். உள்ளே சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்திருந்தது. 'உத்தரவாதம்தான் இருக்கிறதே' என்ற தைரியத்தோடு மச்சான் அட்டையை எடுத்துக் கொண்டு போனார். உத்தரவாதம் கொடுத்த நிறுவனத்தார் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: "பூஞ்சை எங்கள் ஒப்பந்தத்தில் வராது." ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தோம். அவர்கள் சொன்னது உண்மைதான்; சிறிய எழுத்தில் அது தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. வாங்கிய அன்று அதை எங்களில் ஒருவரும் படிக்கவில்லை.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றும் எங்களுக்கு நேர்ந்தது. அதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

கேமராவில் பழுதாவது எது?

1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா ஏறத்தாழ 3.6 கிலோ எடை கொண்டது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அங்கிருந்து தொடங்கிய கருவி இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் நுட்பமாக வளர்ந்திருக்கிறது. அதன் உறுதியும் கூடவே வளர்ந்திருக்கிறது.

கேமராவில் அசையும் உறுப்புகளே பெரும்பாலும் தேயும். அவற்றுள் முதன்மையானது ஷட்டர். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முறை திறந்து மூடும் திரை அது. எத்தனை முறை தாங்கும் என்று நிறுவனங்களே சோதித்து அறிவிப்பதுண்டு. தொடக்க நிலைக் கேமராக்களுக்குப் பொதுவாக 1,00,000 முறை என்பார்கள். நிக்கான் டி850 கேமராவுக்கு 2,00,000. கேனான் நிறுவனத்தின் தொழில்முறைக் கேமராவான 1டி எக்ஸ் மார்க் 3க்கு 5,00,000. 2021ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கான் இசட் 9 கேமராவில் அசையும் ஷட்டரே கிடையாது.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். நிக்காஹ், பெருநாள், சுற்றுலா எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 5,000 படங்கள் எடுப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அது குறைவான எண்ணிக்கை அன்று. அப்படி எடுத்தாலும் 1,00,000 படங்களை எட்ட 20 ஆண்டுகள் ஆகும்!

அடுத்தது, பொத்தானை அழுத்தியதும் வெளியே நீண்டு, அணைத்ததும் உள்ளே மடங்கும் லென்ஸ். சிறிய கேமராக்களில் இதுவே பலவீனமான இடம். கடற்கரை மணல் இரண்டு துகள் அதன் இடுக்கில் புகுந்தால் போதும், பாதி வழியில் சிக்கி நின்றுவிடும். மூன்றாவது மின்கலம். மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கும்போதே அதன் சக்தி ஆண்டுக்காண்டு குறைந்து வருவது இயல்பு. இவற்றுக்கு மேல் கைதவறுதலும் தண்ணீரும் பூஞ்சையும் இருக்கின்றன. இவை கருவியின் குறைகளாக எண்ணப்படுவதில்லை. வெளியிலிருந்து வரும் சேதங்கள்.

உற்பத்தியிலேயே குறை நேர்வதில்லையா என்று கேட்பீர்கள். நேர்ந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பெரிய விவகாரம் வெளியாயிற்று. சோனி நிறுவனம் 2002 முதல் 2004 வரை தயாரித்த ஒருவகை சென்சார்கள் வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் பழுதாயின. படம் சிதைந்து தெரிந்தது, அல்லது தெரியவே இல்லை. சோனி மட்டுமல்லாமல், அதே சென்சாரை வாங்கிப் பொருத்தியிருந்த கேனான், நிக்கான், ஃபியூஜிஃபிலிம், கோனிகா மினோல்டா ஆகிய நிறுவனங்களும் பாதிக்கப்பட்ட கேமராக்களை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தன. உத்தரவாதக் காலம் முடிந்த கேமராக்களுக்கும் அந்தச் சலுகை இருந்தது.

2012ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கான் டி600 கேமராவிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. படங்களில் சிறு சிறு கரும்புள்ளிகள் தென்பட்டன. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில், உத்தரவாதம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சோதித்து, சுத்தம் செய்து, தேவையானால் ஷட்டரையும் மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

இந்த இரு நிகழ்ச்சிகளும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. ஒரு மாதிரி முழுவதிலும் குறை இருப்பது வெளிப்பட்டுவிட்டால், பெயர் கெடாமல் காத்துக் கொள்ளவாவது தயாரிப்பாளரே முன்வர நேர்கிறது. ஆகவே உங்கள் கேமராவின் பெயரையும் பழுதின் தன்மையையும் குறிப்பிட்டு, தயாரிப்பாளரின் அறிவிப்பு ஏதும் உண்டா என்று விசாரிக்காமல் பழுது பார்க்கப் பணம் கொடுத்து விடாதீர்கள்.

பழுது எப்போது வருகிறது?

மின்னணுப் பொருள்களின் பழுதைப் பற்றிப் பொறியாளர்கள் ஒரு கோடு வரைந்து காட்டுவார்கள். குளியல் தொட்டியின் பக்கவாட்டுத் தோற்றம் போல இருப்பதால் அதற்குக் குளியல் தொட்டி வளைவு என்றே பெயர். இடப்பக்கம் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து சமமாகி, வலப்பக்கம் மீண்டும் உயரும்.

இதன் பொருள் என்ன? உற்பத்தியில் குறையுள்ள பொருள் பெரும்பாலும் தொடக்க மாதங்களிலேயே காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தைத் தாண்டிய பொருள் பல ஆண்டுகள் ஒழுங்காக உழைக்கும். பிறகு தேய்மானத்தால் மீண்டும் பழுதுகள் பெருகும்.

இப்போது உத்தரவாதத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆபத்து மிகுந்த முதற்பகுதி தயாரிப்பாளரின் உத்தரவாதத்தில் அடங்கிவிடுகிறது. அதற்கு நாம் தனியே பணம் கொடுக்கவில்லை; விலைக்குள்ளேயே அது இருக்கிறது. தேய்மானம் வரும் கடைசிப் பகுதிக்கு எவரும் உத்தரவாதம் தருவதில்லை. நாம் தனியே பணம் கொடுத்து வாங்கும் நீட்டித்த உத்தரவாதம் பெரும்பாலும் நடுப்பகுதியைத்தான் காவல் காக்கிறது. அதாவது, பழுது மிகக் குறைவாக வரும் காலத்தை!

ஒரு சிறு கணக்கு

கேமரா 60,000 ரூபாய். நீட்டித்த உத்தரவாதம் 6,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பழுது ஒன்று வந்தால் சரிசெய்ய 15,000 ரூபாய் ஆகும் என்றும் வைத்துக் கொள்வோம்.

நூறு குடும்பங்கள் இந்த உத்தரவாதத்தை வாங்கினால் சேரும் தொகை 6 லட்சம் ரூபாய். ஒரு பழுதுக்கு 15,000 வீதம் அந்தத் தொகை முழுவதும் செலவாக வேண்டுமானால், 40 குடும்பங்களின் கேமராக்கள் அந்த இரண்டாண்டுகளுக்குள் பழுதாக வேண்டும். கைதவறிப் போட்டவை இந்தக் கணக்கில் வாரா. பூஞ்சை பிடித்தவையும் வாரா. நூற்றுக்கு நாற்பது கேமராக்கள் இப்படித் தாமாகப் பழுதாகுமானால், அந்தக் கேமராவைக் கடையில் வைத்து விற்கவே முடியாது அல்லவா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாம் கொடுக்கும் தொகையிலிருந்து கடைக்குத் தரகு போக வேண்டும். நிறுவனத்தின் செலவு போக வேண்டும். அதன் இலாபமும் போக வேண்டும். எஞ்சியதிலிருந்துதான் பழுது பார்க்கும் செலவு. கொடுத்த மக்களுக்கு ஒட்டுமொத்தமாகத் திரும்பி வருவது கொடுத்ததைவிடக் குறைவாக இருந்தால்தான் அந்த வணிகம் நிலைக்கும். 1936ஆம் ஆண்டு முதல் வெளிவரும் அமெரிக்க நுகர்வோர் இதழான கன்சூமர் ரிப்போர்ட்ஸ், பெரும்பாலான பொருள்களுக்கு நீட்டித்த உத்தரவாதம் தேவையில்லை என்று நெடுங்காலமாக வாசகர்களுக்கு அறிவுறுத்தி வந்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

பிரிட்டனில் இது அரசின் கவனத்துக்கே சென்றது. அங்குள்ள போட்டி ஆணையம் வீட்டு மின்சாதனங்களின் நீட்டித்த உத்தரவாதங்களை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. இந்த வணிகத்தில் போதிய போட்டி இல்லை, வாடிக்கையாளர்கள் அதிக விலை கொடுக்க நேர்கிறது என்று அது கண்டது. அதன் விளைவாக 2005ஆம் ஆண்டு ஒரு சட்ட ஆணை நடைமுறைக்கு வந்தது. உத்தரவாதத்தின் விலையைப் பொருளின் விலையோடு வெளிப்படையாகக் காட்ட வேண்டும்; ஓராண்டுக்கு மேற்பட்ட உத்தரவாதத்தை வாங்கியவர் 45 நாட்களுக்குள் ரத்துச் செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்பவை அதன் விதிகளில் சில. கடையில் நின்று அவசரத்தில் எடுத்த முடிவை வீட்டில் வந்து மாற்றிக் கொள்ள வழி செய்தார்கள்.

சிறிய எழுத்தில் இருப்பவை

ஒப்பந்தத்தை வாங்கும் முன் படிக்க வேண்டிய பகுதி, 'இவற்றுக்குப் பொருந்தாது' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பகுதியே. கீழே விழுந்த சேதம், தண்ணீர், மணல், பூஞ்சை, மின்கலம், வெளிப்புறக் கீறல், தேய்மானம் ஆகியவை பெரும்பாலான ஒப்பந்தங்களில் அங்கே காணப்படும். ஒரு குடும்பத்தின் கையில் கேமராவுக்கு நேரக்கூடிய ஆபத்துகளை எழுதிப் பார்த்தால், ஏறக்குறைய அதே பட்டியல்தான் வரும்!

சில ஒப்பந்தங்களில், பழுதை நீக்க முடியாவிட்டால் வாங்கிய விலை கிடைக்காது. ஆண்டுக்கு இவ்வளவு என்று கழித்துக் கொண்டு மீதியைத்தான் தருவார்கள். உத்தரவாதம் தருவது தயாரிப்பாளரா, கடையா, வேறொரு நிறுவனமா என்பதையும் பாருங்கள். காகிதத்தின் ஆயுள் அதைக் கொடுத்தவரின் ஆயுளைப் பொறுத்தது. பிரிட்டனில் 1935ஆம் ஆண்டு தொடங்கிய ஜெஸ்ஸாப்ஸ் என்ற புகழ்பெற்ற கேமராக் கடை நிறுவனம் 2013ஆம் ஆண்டு ஜனவரியில் நொடித்துப் போய்த் தன் கடைகளையெல்லாம் மூடியது. அப்போது, முன்பணம் கொடுத்து வாங்கியிருந்த பரிசுச் சீட்டுகளைக்கூட ஏற்க முடியாது என்று அறிவித்தார்கள்.

தயாரிப்பாளர்களும் நிலையானவர்கள் அல்லர். கோனிகா மினோல்டா 2006ஆம் ஆண்டு கேமராத் துறையிலிருந்து விலகியது. கோடாக் 2012ஆம் ஆண்டு டிஜிட்டல் கேமராத் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. ஒலிம்பஸ் 2021ஆம் ஆண்டு தன் கேமராப் பிரிவை வேறு கைக்கு மாற்றியது. கைபேசியின் வருகையும் இதற்கு ஒரு காரணம். 2010ஆம் ஆண்டு சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் தயாரிப்பாளர்களிடமிருந்து சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2020ஆம் ஆண்டு அந்த எண்ணிக்கை 90 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்றும் நம்மில் சிலர் கேட்கக்கூடும். விற்கும்போதே பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதைக் கியாருல் ஐப் என்று கூறும். விலைக்குள் அடங்கிய தயாரிப்பாளரின் உத்தரவாதம் இந்த நீதிக்கு நெருக்கமானது. தனியே பணம் கொடுத்து வாங்கும் நீட்டித்த உத்தரவாதம், பயன் கிடைக்குமா கிடைக்காதா என்ற நிச்சயமின்மை கொண்டதாக இருப்பதால், அது கூடுமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிம்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அடியிலிருந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நாமெல்லோரும் அறிந்ததே. வாங்குகிறவர் கண்ணில் படும்படி நிபந்தனைகளை எடுத்துச் சொல்வது விற்பவரின் கடமை. கேட்டுப் படித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

எப்போது வாங்கலாம்?

எந்த நிலையிலும் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கேமராவால் பிழைப்பு நடத்துகிறவர், ஒரு நாள் கேமரா இல்லாவிட்டாலும் வருமானத்தை இழப்பவர், மாற்றுக் கேமராவோ விரைவான பழுது நீக்கமோ தரும் ஒப்பந்தம் கிடைத்தால் வாங்கலாம். கைதவறி விழுவதையும் தண்ணீரையும் உள்ளடக்கிய திட்டத்தைத் தயாரிப்பாளரே நியாயமான விலைக்குத் தந்தால் அதையும் பரிசீலிக்கலாம். திடீரென 15,000 ரூபாய் செலவு வந்தால் குடும்பமே நிலைகுலையும் என்ற நிலையில் இருப்பவருக்கும் அது ஓர் ஆறுதலே. ஆனால் அந்த நிலையில் இருப்பவர், இவ்வளவு விலையுள்ள கேமராவை வாங்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசிப்பது நலம்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. கடையில் கொடுக்கவிருந்த ஆறாயிரத்தை வீட்டில் தனியே எடுத்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, கைபேசி ஆகியவற்றை வாங்கும்போதும் அவ்வாறே செய்யுங்கள். சில ஆண்டுகளில் வீட்டில் ஒரு பழுது நிதி உருவாகிவிடும். எந்தப் பொருள் பழுதானாலும் அதிலிருந்து செலவிடலாம். இந்த நிதிக்குச் சிறிய எழுத்து நிபந்தனை ஏதும் கிடையாது. பூஞ்சைக்கும் கொடுக்கும், குழந்தை கீழே போட்டதற்கும் கொடுக்கும். எதுவும் பழுதாகாவிட்டால் பணம் உங்களுடையதாகவே இருக்கும்.

வாங்கும் நாளில் கவனிக்க வேண்டியவை

ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில்லிலும் கேமராவின் அடியிலும் பெட்டியிலும் உள்ள வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவதானால், அந்த உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை முன்பே உறுதி செய்யுங்கள். சில நிறுவனங்கள், வாங்கிய கேமராவைத் தம்மிடம் பதிவு செய்தாலே கூடுதல் உத்தரவாதத்தை இலவசமாகத் தருகின்றன; அந்த வாய்ப்பைத் தவற விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விசேஷத்துக்கு முதல் நாள் கேமரா வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்னதாகவே வாங்கி நன்றாக வேலை வாங்குங்கள். பகலிலும் இரவிலும் படமெடுங்கள். எல்லாப் பொத்தான்களையும் சோதியுங்கள். பிறவிக் குறை ஏதும் இருந்தால் அந்த மாதத்திலேயே வெளிப்பட வாய்ப்புண்டு. மாற்றிக் கேட்பதும் அப்போது எளிது.

உரிய பழுதை நீக்கித் தர மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையிருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள்.

கடற்காற்றும் கேமராவும்

நம் கடற்கரை ஊர்களில் கேமராவின் பெரும் பகைவன் ஈரக்காற்றே. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து உயர்ந்திருந்தால், இருட்டான இடத்தில் வைத்த லென்ஸில் பூஞ்சை வளரும். தோல் உறையும் துணிப் பையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். மச்சானின் கேமராவுக்கு நேர்ந்தது அதுதான்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி, அதற்குள் சிலிகா ஜெல் பைகளையும் ஈரப்பதம் காட்டும் சிறு கருவியையும் வைத்து, கேமராவை அதில் பாதுகாருங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நல்லது. நிறம் மாறும் சிலிகா ஜெல்லாக இருந்தால், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் நீல நிறத்தவற்றில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் சேர்மம் உண்டு. ஆகையால் சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். துணிகளுக்கு இடும் பாச்சை உருண்டைகளைக் கேமராவின் அருகே வைக்கவே கூடாது.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். கண்ணாடியில் நீர் கோத்துக் கொள்ளும். சிறிது நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாற்ற வேண்டாம். வீடு திரும்பியதும் மென்மையான துணியால் உப்புக் காற்றைத் துடைத்துவிடுங்கள். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் மின்கலத்தைக் கழற்றி வையுங்கள். வாரம் ஒரு முறையேனும் கேமராவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சை எளிதில் வளர்வதில்லை.

எந்த உத்தரவாதத்திலும் வராதது

முன்பு சொல்வதாகக் கூறிய இழப்புக்கு வருகிறேன்.

பூஞ்சை பிடித்த லென்ஸைப் பணம் கொடுத்துச் சுத்தம் செய்து கொண்டோம். கேமரா பிழைத்துக் கொண்டது. அது வீடு வந்த மகிழ்ச்சியில், தங்கை மகன் மெமரி கார்டில் இடமில்லை என்று கண்டு, அதிலிருந்ததை முழுவதும் அழித்துவிட்டுப் பெருநாள் முழுதும் வீடியோ எடுத்தான். நிக்காஹ் படங்களை முன்பே ஆல்பமாக்கியிருந்தார்கள். வாப்பாவின் படங்கள் மட்டும் அந்தக் கார்டில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. சிறுவனைக் கோபித்து என்ன பயன்? அதில் வாப்பாவின் படங்கள் இருந்தது அவனுக்குத் தெரியாது.

கார்டை மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டு சென்றோம். அழித்தவுடன் கார்டைப் பயன்படுத்தாமல் கொண்டு வந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம் என்றும், வீடியோ மேலே பதிந்துவிட்டதால் இனி இயலாது என்றும் அவர் சொன்னார். வாசற்படியில் நின்ற வாப்பாவின் படம் இன்று எங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

கேமராவின் எந்த உத்தரவாதமும் அதில் எடுத்த படத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. பழுது பார்க்கக் கொடுக்கும்போது, படங்களைப் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள், இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றுதான் எழுதி வாங்குவார்கள். எனவே அந்தப் பொறுப்பை நாமே ஏற்க வேண்டும். விசேஷம் முடிந்த அன்றிரவே படங்களைக் கணினியில் ஏற்றுங்கள். தனி ஹார்டு டிஸ்கில் மற்றொரு பிரதி இருக்கட்டும். மூன்றாவது பிரதி வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். இரண்டு இடங்களில் படங்கள் சேர்ந்துவிட்டன என்று கண்ணால் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். தவறுதலாக அழித்துவிட்டால், அந்த நொடியே கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதில் ஒரு படம்கூடப் புதிதாக எடுக்காதீர்கள். ஆண்டுக்கு இருபது படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். பெரியவர்களின் படங்களை முதலில் அச்சிடுங்கள்.

மச்சானின் பீரோவில் அந்த உத்தரவாத அட்டை இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் கசங்காமல் இருக்கிறது. காகிதத்தை அவ்வளவு பத்திரமாகக் காத்த நாங்கள், வாப்பாவின் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. உங்கள் வீட்டில் இந்நிலை நேராதிருக்கட்டும். இதழை மூடி வைத்ததும், கேமராவிலும் கைபேசியிலும் கிடக்கும் படங்களைப் பிரதி எடுக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். நாளை என்று தள்ளிப் போடாதீர்கள்!